அம்மா சுமந்த மண்ணுக்காக ஒரு வழக்கு

எங்கள் கொல்லை மண்ணை டிப்பரில் அள்ளிக்கொண்டு போனபோது, அள்ளியவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோர்ட்டுக்குப் போனேன், ஜெயித்தேன் என்று பெருமையாக எழுதப்போகிறேன். அந்தப் பெருமையில் டீயை மறைத்துவிட்டாள் என்று யாரும் சொல்லக் கூடாது.

அம்மா செத்து அப்போது எட்டு மாதம். புரட்டாசி நடவில், வயலிலேயே போய்விட்டாள். நடவு நடும்போது குனிந்தபடியே பின்னால் பின்னால் நகர்வோம். நான் அம்மாவுக்குப் பக்கத்து ஆள். வரிசை நகர்ந்தது, அம்மா நகரவில்லை. கையில் நாற்று முடிச்சோடு சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா, இடுப்பு புடிச்சுக்கிச்சா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் வாயையே கிள்ள வேண்டும்போல இருக்கும்.

எனக்கு அப்போது இருபது வயது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. வீட்டில் அப்பாவும் நானும்தான் மிச்சம்.

எங்கள் வீடு கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் தெருவில் இருக்கிறது. ஐந்து சென்ட் மனை. ஒரு காலத்தில் அது பண்ணை வீட்டு நிலம். அப்பா வாலிபமாக இருந்தபோது, கூலி கேட்டும் குடியிருக்கும் இடத்தைக் கேட்டும் கொடி பிடித்துச் சண்டை போட்டார்கள். அறுவடையை மறித்தார்கள் என்று கேஸ் போட்டு அப்பாவை எட்டு மாதம் உள்ளே வைத்தார்கள். கடைசியில் சர்க்கார் சட்டம் போட்டு மனைக்குப் பட்டா கொடுத்தது. பண்ணையார் விட்டுக்கொடுத்தது எந்த இடம் என்றால், அவருக்கே உதவாத பள்ளம். ஐப்பசி மழையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்.

அந்தப் பள்ளத்தை மேடாக்கியது அம்மா. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து, ஒவ்வொரு கோடையிலும் வாய்க்கால் தூர் வாரிக் கரையில் போடும் வண்டலைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து வந்து கொல்லையில் கொட்டினாள். சாணி, அடுப்புச் சாம்பல், மக்கிய வைக்கோல் எல்லாம் அதோடு சேர்ந்தது. இருபத்திரண்டு கோடை. கொல்லை இடுப்பு உயரம் எழும்பிவிட்டது. அதில் கனகாம்பரம் போட்டு, பறித்து, தொடுத்து, கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விற்றாள். பட்டா அவன் வாங்கினது, மண்ணு அவ போட்டது என்று தெருவில் கேலி பேசுவார்கள். அப்பாவும் சிரிப்பார். ஆனால் அது கேலி இல்லை, நிஜம்.

அம்மாவுக்கு ஒரே ஒரு குறை. ரோஜா வரவில்லை. எத்தனை குச்சி நட்டாலும் மழையில் வேர் அழுகிவிடும். "நம்ம மண்ணு தண்ணிய வுடாதுடி. ரோசாவுக்கு செம்மண்ணு வேணும். அதுக்கு வல்லத்துலதான் வாக்கப்பட்டிருக்கணும்" என்பாள்.

அவள் போன பிறகு எனக்கு அந்த ரோஜாப் பைத்தியம் பிடித்தது. வருஷத் திதிக்குள் கொல்லை முழுக்க ரோஜா பூக்க வேண்டும், அதைப் பறித்து அம்மா படத்துக்கு மாலை போட வேண்டும். வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை. மகளிர் குழு இன்சூரன்ஸில் அம்மா பெயருக்கு வந்த பணம் இருந்தது. எடுத்துக்கொண்டு, தஞ்சாவூர் ரோட்டில் தாராசுரம் தாண்டி இருந்த ஒரு நர்சரிக்குப் போனேன்.

நர்சரிக்காரர் கரை வேட்டி கட்டிய ஆள். ஆட்சி மாறினால் அவர் கரையும் மாறும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நேரில் வந்து கொல்லையைப் பார்த்தார். குனிந்து ஒரு கை மண்ணை எடுத்தார், உதிர்த்தார், மோந்தும் பார்த்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உதவாத மண்ணை யாரும் அவ்வளவு நேரம் கையில் வைத்திருக்க மாட்டார்கள்.

"இந்த மண்ணுல ரோஜா வராது பாப்பா. ரெண்டு அடி வழிச்சு எடுத்துட்டு, வல்லத்து செம்மண்ணு போட்டு, முப்பது செடி வச்சுத் தரேன். இந்தக் கழிவ எல்லாம் நானே அள்ளிக்கிறேன். அதுக்குக் காசு வேணாம்."

"ரொம்ப நன்றிண்ணே" என்றேன். அப்புறம்தான் டீ.

மூன்று டிப்பர் போனது. மூன்று டிப்பர் சிவப்பாக வந்து இறங்கியது. நாங்கள் காவிரி மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கறுப்பும் பழுப்பும்தான் எங்களுக்குத் தெரிந்த மண். செம்மண்ணைக் கோலத்துக்கு ஓரம் கட்டும் காவிப் பொட்டலத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். சிவப்பாக இருந்ததால் செம்மண் என்று நம்பினோம். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டுச் சின்னம்மா கன்னத்தில் கை வைத்து, "மதுரை மீனாச்சி மூக்குத்தி மாதிரில்ல இருக்கு!" என்றாள். செடி வைத்து, பில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பில்லில் "முதல் தரச் செம்மண் 3 டிப்பர்" என்று இருந்தது.

ஒரு மாதத்தில் இலை பழுத்தது. போன் பண்ணினால், "தண்ணி பத்தல பாப்பா" என்றார். ஊற்றினேன். இன்னும் பழுத்தது. "தண்ணி சாஸ்தியாப் போச்சு பாப்பா" என்றார். நிறுத்தினேன். ஆடி முடிவதற்குள் முப்பது செடியும் விறகுக் குச்சி. ஒரு புல்கூட அந்த மண்ணில் முளைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் குப்பைமேட்டில் துப்பிய பூசணி விதைகூடக் கொடியாகிவிடும். புல் முளைக்காத மண்ணை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. சின்னம்மா ஒரு சட்டியோடு வந்து, "உன் செம்மண்ணுல கொஞ்சம் குடுடி. இந்த வருசம் பிள்ளையார செவப்பாப் புடிப்போம்" என்று அள்ளிக்கொண்டு போனாள். கால் மணி நேரத்தில் கையெல்லாம் சிவப்பாகத் திரும்பி வந்தாள்.

"என்னடி மண்ணு இது? பிள்ளையாரு உக்காரவே மாட்டேங்கிறாரு. தொந்தி வச்சா தலை வுழுவுது, தலை வச்சா தொந்தி வுழுவுது."

"தண்ணி கம்மியா ஊத்திருப்ப."

"அடி போடி. நா பொறந்ததுலேர்ந்து மண்ணு பெசையறேன், எனக்குத் தண்ணி அளவு சொல்றா." உள்ளங்கையில் இருந்ததைத் தேய்த்துப் பார்த்தாள். முகம் மாறியது. சின்னம்மா கோடையில் செங்கல் காளவாயில் கல் அறுக்கப் போகிறவள். "அடியே, இது செம்மண்ணே இல்லடி. காளவாய் பிரிச்சா அடியில கெடக்குமே, உடைஞ்ச கல்லு, வெந்த மண்ணு, அதத் தட்டிச் சலிச்சுக் கொண்டாந்து கொட்டிருக்கான். இது சுட்ட மண்ணு. சுட்டது ஒட்டுமா?"

 செடி போனது அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அப்படியானால் அவர் எங்கள் மண்ணைக் கழிவு என்று சொன்னதும் பொய்தானே?

மறுநாளே நர்சரிக்குப் போனேன். கொட்டகைக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு குவியல். பார்த்ததும் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் தெரியாதா என்பார்களே, அந்த மாதிரி. ஆனால் அதை வைத்து என்ன பேச முடியும்? மண்ணில் பெயரா எழுதியிருக்கிறது? அதற்குள் அங்கே வரிசையாக அடுக்கியிருந்த ரோஜாப் பைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு பையிலும் ரோஜாவின் காலடியில் பொடிப்பொடியாகக் கனகாம்பரக் கன்று முளைத்திருந்தது. கனகாம்பர நெற்று தண்ணீர் பட்டால் வெடித்து விதையைத் தெறிக்கும். எங்கள் கொல்லையில் இருபத்திரண்டு வருஷமாகத் தெறித்த விதை. அவர் எங்கள் மண்ணைப் பையில் அடைத்து, ரோஜாச் செடியை நட்டு, விற்றுக்கொண்டிருந்தார். கொஞ்சம் மணல் கலந்ததில் அந்த மண்ணிலேயே ரோஜா அப்படி வந்திருந்தது. அதைப் பார்த்ததுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

"அண்ணே, இது எங்க மண்ணு" என்றேன்.

"கழிவுன்னு நீயே குடுத்தது பாப்பா."

"கழிவுன்னு சொன்னது நீங்க. எங்க அம்மா தலையில சொமந்து போட்டது. திருப்பிக் கொண்டாந்து கொட்டுங்க."

செடி வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். "மண்ணுக்கு ஒரு சண்டையா? பொம்பளப் புள்ளையாச்சேன்னு பாக்குறேன். போ, போயி கோர்ட்டுல கேஸ் போடு. கலெக்டர வேணாக் கூட்டிட்டு வா."

அவர் அதைச் சொல்லியிருக்காவிட்டால் எனக்குக் கோர்ட் ஞாபகமே வந்திருக்காது. எங்கள் ஊர் ரேஷன் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சர்க்கரைக்கு வரிசையில் நிற்கும்போதெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். பொருள் வாங்கி ஏமாந்தால் வக்கீல் இல்லாமலே நுகர்வோர் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம், வெள்ளைத் தாளில் எழுதினால் போதும்.

வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறினார்.

"கோர்ட்டா? ஆயி, கோர்ட்டுன்னா என்னான்னு தெரியுமா ஒனக்கு? பதினாலு வாய்தா நடந்தவன் நான். அங்க போனா நம்மதான் தப்பு செஞ்சவங்க. எந்த கேசா இருந்தாலும்."

"இது நாம போடுற கேசுப்பா."

"யாரு போட்டா என்னா?" என்றார். 

நான் தாளை எடுத்துவைத்து இரண்டு நாள் எழுதினேன். எனக்குத் தெரிந்த தமிழில், பேசுகிற மாதிரியே எழுதினேன். தஞ்சாவூர் போய்க் கொடுத்தபோது, அங்கிருந்த குமாஸ்தா படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"நஷ்ட ஈடு எவ்வளவு கேக்குறேன்னு போடலையேம்மா."

"நஷ்ட ஈடு வேணாங்க. மண்ணு வேணும்."

"இங்க எல்லாரும் ரூபாயிலதாம்மா கேப்பாங்க."

"ரூபாய வச்சு நா எந்தக் கடையில போயி அந்த மண்ண வாங்குறது?"

 அவர் பேனாவை நீட்டினார். "'எடுத்துச் சென்ற மண்ணைத் திருப்பித் தர உத்தரவிட வேண்டும்'னு கடைசியில ஒரு வரி சேரு. அப்படிக் கேக்கலாம். தப்பில்ல."

அந்தப் புரட்டாசியில் அம்மாவுக்கு வருஷத் திதி வந்தது. ஊருக்கே பூ விற்றவளின் படத்துக்கு, பஸ் ஸ்டாண்டில் முழம் போட்டுக் கனகாம்பரம் வாங்கி வந்து போட்டேன். பூக்காரி அம்மாவைத் தெரிந்தவள். காசு வேண்டாம் என்றாள். நான் அழுத்திக் கொடுத்துவிட்டு வந்து, பஸ்ஸில் அழுதேன்.

முதல் வாய்தாவுக்கு அப்பாவும் வந்தார். பெண்ணைத் தனியாக அனுப்ப மனசு கேட்கவில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். எங்கள் நம்பரைக் கூப்பிட்டதும் நான் முன்னால் போனேன். அப்பா போய் ஓரமாக, சுவரை ஒட்டி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். மேலே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், ரிட்டயர்டு ஜட்ஜ். ஒரு பக்கம் ஒரு அம்மா, இன்னொரு பக்கம் ஒரு ஐயா.

"பெரியவரே, நீங்க யாரு? ஏன் அங்க போய் நிக்கிறீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"புள்ளையோட அப்பனுங்க."

"அப்ப அது பக்கத்துல வந்து நில்லுங்க."

"இல்லீங்க, பழக்கமுங்க. இதுக்கு முன்னாடி வந்தப்பல்லாம் இங்கதாங்க நிக்கச் சொன்னாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தலைவரும் சிரிக்கவில்லை. "இன்னைக்கு கேஸ் போட்டிருக்கிறது உங்க வீடுய்யா. இந்தப் பக்கம் வாங்க" என்றார். அப்பா வந்தார். ஆனால் தலையை நிமிர்த்தவில்லை.

நர்சரிக்காரர் வக்கீல் வைத்து வாய்தா வாங்கினார். அடுத்த முறையும் வாங்கினார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் பஸ்ஸில் அந்த நர்சரியைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் ஜன்னல் ஓரம் இடம் பிடித்துப் பார்ப்பேன். முதல் வாய்தாவின்போது குவியல் கொட்டகைக் கூரைக்குச் சமமாக இருந்தது. அடுத்த முறை கொட்டகை ஜன்னல் உயரம். வாய்தா வாங்க வாங்க அவருக்குப் பை நிறைகிறது, எனக்கு மண் குறைகிறது. கேஸ் ஜெயித்து என்ன பண்ணுவது, அள்ளிக் கொடுக்க ஒன்றும் இல்லாவிட்டால்?

நடுவில் ஒருநாள் அவரே காரில் வீட்டுக்கு வந்தார். காரின் முன்னால் கட்சிக் கொடி. "பாப்பா, அம்பது ரோஜா ஃப்ரீயா வச்சுத் தரேன். மனுவ வாபஸ் வாங்கிடு" என்றார்.

"மண்ணு?"

அவர் என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "பெருசு, புள்ளைக்கு எடுத்துச் சொல்லு. அது சரி, இந்த மனைக்குப் பட்டா கிட்டா எல்லாம் ஒழுங்கா இருக்கா? தாலுகாபீஸ்ல நம்ம ஆளுங்கதான் இருக்காங்க. ஏதாச்சும் வில்லங்கம் இருந்துடப் போவுது."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் அவர். அப்பா எழுந்து உள்ளே போனார். தகரப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் உறையில் போட்ட பட்டாவை எடுத்துவந்து, அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

"இந்தக் காகிதத்துக்காக எட்டு மாசம் உள்ள இருந்தவன்டா நான். ஒங்கட்சிக்காரன்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான், படிச்சுப் பாரு. வில்லங்கம் பாக்க வந்துட்டான், கரைய மாத்திக் கட்டுறவன்!"

அப்பா யாரையும் 'டா' போட்டு நான் கேட்டதே இல்லை. கார் கிளம்பிப் போனது. எதிர்வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சின்னம்மா, "அந்தக் கூலிச் சண்டை ஆளு இன்னும் உசுரோடதாண்டி இருக்கு!" என்று கத்தினாள்.

அடுத்த வாய்தாவுக்கு முந்தின நாள் நானும் சின்னம்மாவும் பஸ் ஏறி வல்லம் போனோம். ரோட்டோரம் பள்ளம் தோண்டிய இடத்தில் நிஜமான செம்மண் இருந்தது. ஒரு மஞ்சப்பை நிறைய எடுத்துக்கொண்டேன். இன்னொரு மஞ்சப்பையில் எங்கள் கொல்லைச் சிவப்பு. ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு செம்பு. மறுநாள் காலையில் இதோடு கோர்ட்டுக்குள் போனபோது, "என்னம்மா, பொங்கல் வைக்கப் போறியா?" என்று குமாஸ்தா கேட்டார்.

நர்சரிக்காரரின் வக்கீல் நீளமாகப் பேசினார். முதல் தர வல்லத்துச் செம்மண்தான் போடப்பட்டது. மனுதாரருக்குச் செடி வளர்க்கும் முறை தெரியாது, தண்ணீரை அளவில்லாமல் ஊற்றி வேரை அழுகவைத்துவிட்டார். எடுத்துப்போனது உபயோகமற்ற கழிவு.

"நீ என்னம்மா சொல்றே?" என்று தலைவர் கேட்டார்.

"எட்டு வயசுலேர்ந்து நடவு நடுறேங்க. செடி வளக்கத் தெரியாதுன்னு சொல்றாரு, சொல்லட்டும். நா அண்ணன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கலாமுங்களா?" ஒரு பையைத் திறந்து அவரிடம் நீட்டினேன். "அண்ணே, பாத்துச் சொல்லுங்க. இது நீங்க போட்ட மண்ணுதானே?"

அவர் எட்டிப் பார்த்தார். சிவப்பு நன்றாகத்தான் இருந்தது. நெஞ்சை நிமிர்த்தி, "என் மண்ணுதான். ஒரிஜினல் வல்லம். கலரப் பாத்தாலே தெரியலையா?" என்றார். வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

இன்னொரு பையைத் திறந்து, ஒரு கை எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். "இது நேத்து நா வல்லத்துல எடுத்ததுங்க." பிசைந்து பிடித்து, தொந்தி, தலை, துதிக்கை வைத்துத் தட்டில் உட்காரவைத்தேன். அவசரத்தில் துதிக்கை கொஞ்சம் கோணல். ஆனாலும் பிள்ளையார் அசையாமல் உட்கார்ந்தார்.

"இப்ப அண்ணன் அவரு மண்ணுல ஒண்ணு புடிக்கட்டுங்க. நா புடிச்சா ஏதோ பண்ணிட்டேன்னு சொல்லுவாங்க."

வக்கீல் எழுந்தார். "இது கோர்ட்டா, கோயிலா?"

நர்சரிக்காரர் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நான் பகுத்தறிவுக் கொள்கை உள்ளவன். பிள்ளையாரெல்லாம் புடிக்க மாட்டேன்."

 தலைவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். "பிள்ளையார் வேண்டாம். ஒரு கொழுக்கட்டை புடிங்க. அதுக்குக் கொள்கை ஒண்ணும் தடை சொல்லாதே?"

கோர்ட் முழுக்கச் சிரிப்பு. அவர் வேறு வழியில்லாமல் ஒரு கை எடுத்தார், தண்ணீர் விட்டார், அமுக்கினார். விரலைத் திறந்ததும் உதிர்ந்தது. இன்னும் தண்ணீர் விட்டார். சிவப்புத் தண்ணீர் முழங்கை வழியாக ஓடி வெள்ளை வேட்டியில் சொட்டியது. மூன்றாவது முறை இரண்டு கையாலும் அமுக்கினார். தட்டில் வைத்ததும் பொலபொலவென்று விழுந்து மணலாகக் கிடந்தது. பக்கத்தில் என் பிள்ளையார் கோணல் துதிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெந்த மண்ணுங்க. காளவாயில கெடக்குறது. ஒருதடவ சுட்டா அப்புறம் அது சேராதுங்க, அதுல வேரும் புடிக்காது. கொல்லையில மூணு டிப்பர் கெடக்கு. நீங்க யார வேணா அனுப்பிப் பாருங்க" என்றேன். "அப்புறம் இன்னொண்ணுங்க. எங்க மண்ணு கழிவுன்னாரு. கழிவ எதுக்குங்க பையில போட்டு ரோஜா வைக்கிறாரு? பையில பாருங்க, ஒவ்வொண்ணுலயும் எங்க வீட்டுக் கனகாம்பரம் மொளைச்சிருக்கு. தெனமும் விக்கிறாரு. நா வாய்தாவுக்கு வரப்பல்லாம் பஸ்ஸுலேர்ந்து பாக்குறேன், கொறைஞ்சுக்கிட்டே வருதுங்க. எங்கம்மா இருவத்திரண்டு வருசம் சொமந்துச்சு. அது செத்துப்போச்சு. இனிமே சொமக்க ஆளு இல்லீங்க."

இதை நான் யோசித்துப் பேசவில்லை. வாய் பேசிவிட்டது. 

மூன்று பேரும் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். விவசாய ஆபீசர் ஒருவர் இரண்டு இடத்தையும் நேரில் பார்த்து எழுதித் தர வேண்டும், அதுவரை நர்சரியில் இருக்கும் குவியலையும் பைகளையும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். வெளியே வந்ததும் அப்பா, "தொடக் கூடாதுன்னுட்டாங்கல்ல? அவன் மண்ணு மேலயே அவன் கை வைக்கக் கூடாதா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். "அவன் மண்ணு இல்லப்பா" என்றேன். அன்றைக்கு நாங்கள் கிளப்புக் கடையில் பரோட்டா சாப்பிட்டோம். அம்மா போன பிறகு அப்பா இன்னொரு கரண்டி குழம்பு கேட்டது அன்றுதான்.

ஆபீசர் வந்தார், பார்த்தார், சின்னம்மா சொன்னதையே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். இன்னும் இரண்டு வாய்தா. சித்திரையில் தீர்ப்பு. சுட்ட மண்ணை அவர் செலவில் அள்ளிக்கொண்டு போக வேண்டும். எங்கள் மண்ணைக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். மூன்று டிப்பருக்குக் குறைந்தால் பைகளில் இருப்பதையும் சேர்த்து நிரப்ப வேண்டும். ரோஜாவுக்கு வாங்கிய பணத்தையும் திருப்பித் தர வேண்டும். படித்து முடித்துவிட்டுத் தலைவர், "மண்ணைத் திருப்பிக் குடுன்னு நான் போட்ட முதல் உத்தரவு இதுதாம்மா" என்றார். நான் கும்பிட்டேன். அப்பாதான் பேசினார். தலையை நிமிர்த்தி, "ரொம்ப சந்தோசமுங்க" என்றார்.

டிப்பர் வந்த நாளில் தெருவில் ஒருவர்கூட வேலைக்குப் போகவில்லை. முதலில் சிவப்பை அள்ளிக்கொண்டு போனார்கள். சின்னம்மா வாசலில் நின்று, "பாத்து அள்ளுங்கப்பா, முதல் தரம், ஒரிஜினல் வல்லம்!" என்று கூவிக்கொண்டே இருந்தாள். பிறகு கறுப்பு வந்தது. இரண்டு டிப்பர் குவியலிலிருந்து வந்தது. மூன்றாவது டிப்பரில் பாதிதான் மண். மீதி, செடியோடு ரோஜாப் பைகள். நர்சரிக்காரர் தானே கூட வந்திருந்தார். இப்போது அவர் வேட்டியில் கரையே இல்லை.

"பையக் கிழிச்சு மண்ண எடுத்தா செடி செத்துப்போயிரும் பாப்பா. அப்படியே நட்டுக்க. பூ பூத்திருக்கு பாரு" என்றார். பூத்துத்தான் இருந்தது. பன்னீர் ரோஜா. ஒரு நிமிஷம் எனக்குக் கை நீண்டது, பொய் சொல்ல மாட்டேன். அம்மா கேட்ட பூ.

உட்கார்ந்து முதல் பையைக் கிழித்தேன். வேரை உதறி, மண்ணை எல்லாம் கொல்லையில் தட்டினேன். கனகாம்பரக் கன்றை மட்டும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ரோஜாவை ஈரச் சாக்கில் சுற்றி அவரிடம் நீட்டினேன்.

"செடி உங்களுதுண்ணே. மண்ணு எங்களுது."

நூற்றுச் சொச்சம் பை. சின்னம்மாவும் அப்பாவும் தெருப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து கிழித்தார்கள். அவர் ஒவ்வொரு செடியாக வாங்கி வாங்கி அடுக்கினார். நர்சரிக்காரர் என்பதால், வேர் காயக் கூடாது என்ற பதற்றம் அவருக்கு இருந்தது. ஓடி ஓடித் தண்ணீர் தெளித்தார். எங்கள் செம்பில்தான்.

டிப்பரைக் கவிழ்த்துவிட்டு டிரைவர் கிளம்பப் பார்த்தார். தொட்டியின் மூலையிலும் இடுக்கிலும் மண் ஒட்டியிருந்தது. "நிறுத்துங்கண்ணே" என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

"ஏம்மா, அதுல ஒரு கூடை கூட தேறாது. எனக்கு நேரமாவுது."

"ஒரு கூடைன்னா எவ்வளவுன்னு ஒங்களுக்குத் தெரியாதுண்ணே" என்றேன். மூலை மூலையாகக் கூட்டித் தள்ளினேன். கீழே அப்பா முறத்தை ஏந்திக்கொண்டு நின்றார்.